‘ஸ்ட்ரீக்’ என்பதற்கு ‘உரைதடம்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வெளியில் கண்டெடுத்த, உலோகம்போல் மின்னும் கல்லை அடையாளம் காண்பதற்கான நம் கையேட்டில் ‘ஸ்ட்ரீக்’ (கனிமத்தைப் பீங்கான் ஓட்டில் தேய்க்கும்போது விழும் கோடு) என்பதைக் ‘கீற்று’ என்று எழுதலாம் என்னும் கருத்தை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அளவுக்கு மீறிய கனத்துடன், கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளத்த ஒரு கட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு, “கீற்று என்ன நிறம் என்று பாருங்கள்” என்று நானே ஒருமுறை எழுதினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் கீற்று எதுவும் இல்லை, எங்கும் ஒரே நிறமாகத்தான் இருக்கிறது” என்று பதில் அனுப்பினார். தென்னங்கீற்று, ஒளிக்கீற்று, பிறைக்கீற்று என்று பழகிய எவரும் கல்லின் மேல் ஏற்கெனவே ஓடும் வரியைத்தான் தேடுவார்கள். சொல் அவரை அங்கே அனுப்பியது. மெருகிடாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் கட்டியை அழுத்தித் தேய்க்குமாறு விளக்கி எழுதிய பிறகு அவர் அனுப்பிய படத்தில், உலர்ந்த குருதியைப் போன்ற செம்பழுப்பில் ஒரு கோடு இருந்தது. அது ஹேமடைட் என்னும் இரும்புத் தாது என்பது அந்தக் கோட்டிலேயே பெரும்பாலும் தெளிவாகிவிட்டது.

இச்சோதனையின் பயனே இதில்தான் இருக்கிறது. கல்லின் மேற்பரப்பு நிறம் காற்றாலும் ஈரத்தாலும் மாறும். ஆனால் தேய்த்தால் விழும் பொடியின் நிறம் ஒரு கனிமத்துக்குப் பெரிதும் மாறாமல் இருக்கும். வெளியே பொன்னிறமாக மின்னும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட் பசுமை கலந்த கருங்கோட்டை விடும். பொன்னோ பொன்னிறக் கோட்டையே விடும். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாதுவான மேக்னடைட்டுக்குக் கோடு கருப்பு, ஈயத் தாதுவான கலீனாவுக்கு ஈயச்சாம்பல்.

இங்கே ‘தூள்நிறம்’ என்ற மாற்றுச் சொல்லையும் ஆராய வேண்டியிருக்கிறது. பொருள் உடனே விளங்குவதால் முதலில் நானும் அதை விரும்பினேன். ஆனால் பொன், செம்பு, வெள்ளி போன்ற மென்மையான இயல்பு உலோகங்கள் (இயற்கையில் உலோகமாகவே கிடைப்பவை) ஓட்டில் தேய்க்கும்போது தூளாவதில்லை. நசுங்கி, மெல்லிய உலோகப் படலமாக இழுபட்டு ஒட்டிக்கொள்கின்றன. கண்டெடுத்தவர் பெரிதும் அறிய விரும்பும் பொருளுக்கே பொருந்தாத சொல்லை அவர் கையில் கொடுப்பது முறையாகாது.

நம்மிடம் இந்தச் செயலுக்கென்றே ஒரு வினை பழங்காலம் முதல் இருக்கிறது. பொன்னை ‘உரைத்துப்’ பார்ப்பதும், அதற்கான கல்லை ‘உரைகல்’ என்பதும் எல்லோரும் அறிந்தவை. பொன்னின் மாற்றை (தூய்மையை) அறிய உதவும் உரைகல் கருமையானது, பொன்னின் கோடு அதில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கனிமத்தை அறிய உதவும் பீங்கான் வெண்மையானது, கரிய பொடியும் அதில் தெரியும் என்பதற்காக. நோக்கம் வேறுபட்டாலும் கை செய்யும் வேலை ஒன்றே. (குறளில் வரும் ‘கட்டளைக்கல்’லையும் எண்ணிப் பார்த்தேன், ‘கட்டளை’ இன்று ஆணையை மட்டுமே நினைவூட்டுவதால் விட்டுவிட்டேன்.)

‘உரை’ என்றால் பேச்சு, விளக்கம், எழுத்து என்றும் பொருள்படுமே என்ற எதிர்ப்பு நியாயமானது. ‘உரைநிறம்’ என்று வைத்தால், கணினியில் எழுத்தின் நிறத்தைக் குறிக்கும் ‘உரை நிறம்’ என்பதோடு அது மோதும். ‘உரையோடு’ என்று ஓட்டுக்குப் பெயரிட்டால் ‘விளக்கத்துடன்’ என்றே எவரும் படிப்பர். ஆனால் ‘உரைதடம்’ என்னும்போது இலக்கணமே நமக்குத் துணை நிற்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அதனால்தான் ‘உரைக்கல்’ என்று எழுதாமல் ‘உரைகல்’ என்று எழுதுகிறோம். அதே வழியில், ஒற்று மிகாத ‘உரைதடம்’ என்பது உரைப்பதால் விழும் தடத்தை மட்டுமே குறிக்கும். அச்சிடும்போது யாரும் திருத்துவதாக நினைத்து இடையில் ‘த்’ சேர்த்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்க வேண்டும். தடத்தின் நிறத்தைத் ‘தடநிறம்’ என்றும், பீங்கானை ‘உரைதட்டு’ என்றும் சொல்லலாம்.

இந்தச் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன்: “உரைதட்டின் கடினத்தன்மை கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. அதைவிடக் கடினமான கனிமம் தட்டையே கீறும். அப்போது தெரியும் வெண்பொடி தட்டினுடையது, அதை உரைதடமாகக் கொள்ளக் கூடாது.” ‘கீற்று’ என்று வைத்திருந்தால், ‘கீறும்’ என்பதும் ‘கீற்று’ என்பதும் இந்த ஓரிடத்திலேயே ஒன்றையொன்று குழப்பியிருக்கும்.

இதே கையேட்டில் வரும் ‘ஸ்லாக்’ என்பதற்குக் ‘கசடு’ போதும் என்று சிலர் கருதுகிறார்கள். கசடு எதற்கும் வரும். இரும்பை உருக்கும்போது ஒதுங்குவதற்குக் ‘கிட்டம்’ என்ற தனிச்சொல்லே நம்மிடம் இருக்கிறது, அதையே ஆளலாம். விண்கல் என்று நம்பி எடுத்துவரப்படும் கட்டிகளில் பல கிட்டமாகவே இருப்பதால் இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். அங்கேயும் ஓர் இடர் உண்டு: கிட்டத்தில் வளிக்குமிழிகள் விட்டுச்சென்ற துளைகளையும், இரும்பு விண்கல்லின் மேற்பரப்பில் கட்டைவிரலால் அழுத்தியதுபோல் இருக்கும் பள்ளங்களையும் வரைவில் ‘குழிகள்’ என்றே எழுதியிருக்கிறோம். முன்னதை ‘நுரைக்குழி’ என்றும் பின்னதை ‘விரற்குழி’ என்றும் பிரித்தால், உடைந்த முகத்தில் நுரைக்குழிகளைக் காண்பவர் தம் கையில் இருப்பது விண்கல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதை அந்த வரியிலேயே புரிந்துகொள்வார்.

‘உரைதட்டு’ என்பதில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை. ‘தட்டு’ உண்ணும் கலத்தை நினைவூட்டுகிறது. ‘உரைபலகை’ என்றால் மரம் என்று தோன்றுகிறது. ஓட்டுக்குப் பொருத்தமான வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.