தீவனச் சோளம்: மாதமும் ரகமும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கிறது? கிணற்றுப் பாசனம், மானாவாரி, கரிசல் என மூன்று நிலத்து விவசாயிகள் பேசிக்கொள்கிறார்கள்.

கிணத்துக்காடு:
இறவைக்கு, அதாவது கிணத்துப் பாசனத்துக்கு, பலமுறை அறுக்கிற கோ எஃப்எஸ் 29 நல்ல சோள ரகம்தான். தை-மாசியிலோ சித்திரையிலோ விதைக்கலாம். ஏக்கருக்கு 5 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15. முதல் அறுப்பு 65ஆம் நாள், பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. பெரும்பாலும் கோளாறு விதையில்தான் ஆரம்பிக்குது. புதுசா அடிச்ச விதைக்கு உறக்கம் உண்டு, உடனே முளைக்காது. 60 நாள் இருப்பு வைக்காம விதைச்சா பாத்தியில் திட்டுத்திட்டாத்தான் முளைக்கும். அறுவடைத் தேதியைக் கேட்டு வாங்குங்க. விதை பொடிசு, ஆழமாப் போடக் கூடாது.

மானாவாரி:
மழையை நம்பும் காட்டில் அறுத்த கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கிற மறுதாம்பு ரகம் வேண்டாங்க அண்ணா. ஆனி-ஆடியிலோ புரட்டாசியிலோ கோ 27 போட்டு, பாதி பூத்ததும் ஒரே அறுப்பா அறுத்துடணும். கோ 27க்கு இறவையில் ஏக்கருக்கு 16 கிலோ விதைன்னா மானாவாரிக்கு 30 கிலோ. நெருக்கி விதைச்சாத்தான் தட்டு மெலிசா வரும், மாடு அடித்தட்டைக் கழிக்காது.

அறுத்த பிறகு ஈரம் இல்லாத கட்டையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் துளிர் வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. வறட்சியில் வாடிய இளந்துளிரில் சயனைடு நச்சு கூடுதல். மாடு அவிழ்த்துக்கிட்டுப் போய் மேஞ்சா மூச்சு வாங்கித் தள்ளாடும், கொஞ்ச நேரத்திலேயே விழுந்துடும். அந்த அறிகுறி தெரிஞ்ச உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும், கைவைத்தியத்துக்கு நேரமே இல்லை. வறட்சி முடிஞ்சு மழை பெய்ததும் வரும் புதுத்துளிரும் அப்படித்தான். பச்சையா இருக்கேன்னு நம்பிடாதீங்க.

கரிசல்:
பருவமழை தொடங்கியதும் விதைக்காம மூணு வாரம் தள்ளினா குருத்து ஈங்கிற பூச்சி பிடிச்சுக்கும். நடுக்குருத்து காய்ஞ்சு நிக்கும், இழுத்தா கையோடு வரும், அடியில் அழுகின நாத்தம் இருக்கும். தாக்கம் பெரும்பாலும் முளைத்த முதல் மாதத்தில்தான்.

கிணத்துக்காடு:
சரியாச் சொன்னீங்க. தண்ணீர் நிச்சயமா இருந்தா கோ 5 கம்பு நேப்பியர்ங்கிற தீவனப் புல்லையும் பாருங்க. 60க்கு 50 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 13,300 கரணை (நடுற தண்டுத் துண்டு) பிடிக்கும். இரண்டு கணு உள்ள கரணை, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கணும். முதல் அறுப்பு 75-80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. மார்கழி-தைப் பனியில் வளர்ச்சி மந்தமாகும். அப்போ 45 நாள்னு கணக்குப் பார்த்துக் குட்டையா அறுக்காம, பத்து நாள் விட்டுப் பிடிங்க.