சைட்ல கல்லடைப்பு: தண்ணி கேன் வைத்தால் கான்ட்ராக்டர் கடமை முடிந்ததா?

கட்டடம்_மதுரை:
மூணு மாடி வீடு ஓடுது, 14 பேர் வேலை. போன வாரம் கம்பி கட்டுற பையன் சென்ட்ரிங் பலகை மேலயே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டான். ஸ்கேன்ல 7 மி.மீ. கல். வைத்தியச் செலவை நான்தான் தரணும்னு மேஸ்திரி நிக்கிறார். தினமும் 20 லிட்டர் கேன் வாங்கி வைக்கிறேன், சாயங்காலம் பாதி அப்படியே கிடக்கு. அவங்க குடிக்கலைன்னா நான் என்ன பண்றது? பையன் ஊர்ல போர் தண்ணி ஒரே உப்பு. கல்லுக்கு அதானே காரணம்? சட்டப்படி நான் பொறுப்பா?

சங்கக்காரன்:
14 பேருக்கு 20 லிட்டரா? ஆளுக்கு ஒன்றரை லிட்டர்கூட வரலையே. வெயில்ல கம்பி கட்டுறவனுக்கு மணிக்கு முக்கால் லிட்டராவது வேணும். சரி, கேன் எந்த மாடியில இருக்கு? கக்கூஸ் எங்க இருக்கு?

கட்டடம்_மதுரை:
கேன் கீழ, சிமெண்ட் மூட்டை பக்கத்துல. கக்கூஸ் இன்னும் கட்டலை. பக்கத்துல காலி மனை இருக்கு. எல்லா சைட்லயும் இப்படித்தான்.

சித்தாள்_மகள்:
அண்ணே, அந்தக் காலி மனை ஆம்பளைங்களுக்குச் சரி. எங்க அம்மா இருபது வருசத்துக்கு மேல சித்தாள் வேலை பாத்துச்சு. காலையில ஒரு டீயோட கிளம்பினா இருட்டினப்புறம்தான் தண்ணி குடிக்கும். நடுவுல தாகம் எடுத்தா வெத்தலையை வாயில அடக்கிக்கும். குடிச்சா ஒதுங்கணும், ஒதுங்க இடம் இல்லை. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, அப்புறம் காய்ச்சல், கடைசியில கல். உங்க கேன்ல பாதி மிச்சம் இருக்குன்னா அதுல பொம்பளைங்க குடிக்காம விட்டது எவ்வளவுன்னு பாருங்க.

டாக்டர்_தென்காசி:
போர் தண்ணீர் பற்றி ஒரு திருத்தம். கடினநீரால்தான் கல் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தண்ணீரில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டை (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) பிடித்து வெளியேற்றவும் செய்யும். முக்கியம் சிறுநீரின் அளவு. வியர்வையாக எல்லாம் போய்விட்டால் மிஞ்சும் கொஞ்சச் சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் செறிந்து படிகமாகும். கல் வந்தவருக்கு ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீராவது பிரிய வேண்டும் என்கிறோம். வெயிலில் நிற்பவர் அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். சென்னை ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்னிந்திய இரும்பாலை ஒன்றில் ஆய்வு செய்தபோதும், உலை வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம்தான் கல் அதிகம் இருந்தது. அந்த ஆலைக்கும் இந்தப் பையன் ஊர் போர் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

இதைவிட எனக்குப் பயம் வேறு. வலி வந்ததும் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளே வெயிலுக்குப் போகிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தையே கெடுக்கும். பீர் குடித்தால் கல் கரையும் என்பதையும் யாரும் நம்ப வேண்டாம். 7 மி.மீ. கல் தானாக விழும் என்று காத்திருக்காமல் சிறுநீரகக் கல் பார்க்கும் யூரோ டாக்டரிடம் காட்டுங்கள். குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தோஹா_ரிட்டன்:
கத்தார்ல 2021-ல இருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியில இருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலை கிடையாது. வெயில், ஈரப்பதம் எல்லாம் சேர்த்து அளக்குற மீட்டர்ல 32.1 டிகிரி தாண்டினா எந்த நேரமா இருந்தாலும் நிறுத்தணும். அங்கயும் கல் வந்தவங்க உண்டு, நான் இல்லைங்கல. ஆனா மத்தியானம் நிழல்ல உக்காந்தா தண்ணி குடிக்க நேரம் கிடைக்கும். நம்ம ஊர்ல ரெண்டு மணி வெயில்லதான் கான்கிரீட் போடுறோம்.

கட்டடம்_மதுரை:
அது பெரிய கம்பெனி தம்பி. நான் சதுர அடி ரேட்ல எடுத்துச் செய்றவன். மேஸ்திரியும் அதே கணக்குதான், எவனாவது தண்ணி குடிக்க இறங்கினா அவர்தான் முதல்ல சத்தம் போடுறார். கக்கூஸுக்கு வீட்டுக்காரர் தனியா ஒரு பைசா தரமாட்டார். சட்டக் கேள்விக்கு இன்னும் பதில் வரலையே?

சங்கக்காரன்:
சொல்றேன். வேலையால வர்ற நோய்க்கு முதலாளி நஷ்டஈடு தரணும்னு சட்டம் போட்டிருக்குற தொழில்நோய்ப் பட்டியல்ல கல்லடைப்பு இல்லை. அதனால வைத்தியச் செலவை உங்ககிட்ட சட்டப்படி வாங்குறது கஷ்டம், உண்மையை ஒத்துக்கறேன். ஆனா 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற சைட்ல நல்ல குடிதண்ணி, கழிப்பறை ரெண்டும் கட்டாயம்னு 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தோட 32, 33 பிரிவுகள்லயே இருந்துச்சு. குடிதண்ணி இருக்குற இடம் கழிப்பறையில இருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்கணும்னுகூட எழுதியிருந்துச்சு. அந்தச் சட்டம் இப்ப தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான 2020 தொகுப்புச் சட்டத்துக்குள்ள போயிடுச்சு, அந்தக் கடமை போகலை. உங்க சைட்ல 14 பேர். 2024-ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, வெயில்ல செத்தா குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. கல்லோட வேலைக்கு வர்றவனுக்கு யார் இருக்கா?

சித்தாள்_மகள்:
நாலு தகரம், ஒரு பீங்கான், ஒரு குழி. வீடு முடிஞ்சதும் தகரத்தைக் கழட்டி அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோங்க. இதுக்கு வீட்டுக்காரர் எதுக்கு?

கட்டடம்_மதுரை:
தகரம் சரி, அது நானே போட்டுக்கறேன். மேல ஒரு கேன் வைக்கவும் சொல்றேன். ஆனா கூலி பிடிக்காம மத்தியானம் மூணு மணி நேரம் சும்மா உக்கார வைக்க என்னால முடியாது. அதுக்கு என் கணக்கு தாங்காது.

சங்கக்காரன்:
சும்மா உக்கார வைங்கன்னு யாரும் கேக்கலை. சித்திரை, வைகாசியில காலை 6 மணிக்கு ஆரம்பிச்சு 11 மணிக்கு நிறுத்துங்க. மறுபடி மூன்றரைக்கு ஆரம்பிச்சு ஆறரை. எட்டு மணி நேரம் வந்துடும். மேஸ்திரியைச் சம்மதிக்க வைக்க முடியலைன்னா எந்த ஏரியான்னு சொல்லுங்க, நாங்க வந்து பேசுறோம்.