இடி அமீனை தன்சானியா கலைச்சது சரியோ? விவாதத்துக்கு உதவி வேணும்

வணக்கம். அடுத்த கிழமை ஏஎல் வகுப்பில விவாதம், சர்வாதிகாரியை விழுத்த இன்னொரு நாடு படை அனுப்பலாமோ எண்டு. எனக்கு அனுப்பலாம் எண்ட பக்கம். எல்லாரும் ஈராக்கைத்தான் இழுப்பினம், அதால உகண்டாவை எடுக்க யோசிக்கிறன். 1978 ஒக்டோபர்ல உகண்டா சர்வாதிகாரி அமீன்ட ஆமி தன்சானியாவின்ர ககேராவுக்குள்ள பூந்திட்டுது, தன்சானியா ஜனாதிபதி நியரேரே திருப்பி அடிச்சு 1979 ஏப்ரல் 11 உகண்டா தலைநகர் கம்பாலாவையே பிடிச்சவர். இது நிண்டு பிடிக்குமோ?

கொக்குவில் ரீச்சர்:
பிள்ளை, நல்ல உதாரணம், ஆனா ஒரு இடத்தில மடக்குவினம். எல்லை வரைக்கும் கலைச்சது தற்காப்பு, அதை ஆரும் கேக்கமாட்டினம், தலைநகர் வரைக்கும் ஏன் போனவை? 1979 ஜூலை மொன்ரோவியாவில நடந்த ஆபிரிக்க நாடுகளின்ர மாநாட்டில சூடான் ஜனாதிபதி நிமெய்ரியே இதைக் கண்டிச்சவர். நீங்கள் சொல்லவேண்டியது, லிபியாவின்ர கடாபி அமீனுக்கு ஆமி அனுப்பினவர், விட்டிருந்தா அமீன் திரும்பி வந்திருப்பான் எண்டு. பிறகு நடந்ததையும் மறைக்காதேங்கோ. அமீனுக்குப் பிறகு ஜனாதிபதியான லூலே 68 நாள்தான் கதிரையில இருந்தவர், 1980 டிசம்பர் தேர்தல்ல பழைய ஜனாதிபதி ஒபோட்டே வந்தார், உடன அவரை எதிர்த்து முசேவெனி ஆயுதத்தோட காட்டுக்குள்ள போட்டார், திரும்பவும் சண்டை.

மானிப்பாய் பெடியன்:
கம்போடியாவையும் சேருங்கோ. 1979 ஜனவரி 7 வியட்நாம் நொம்பென்னைப் பிடிக்காட்டி கம்போடியா சர்வாதிகாரி பொல்பொட்ட கெமர் ரூஜ் ஆக்கள் இன்னும் எத்தினை பேரைச் சாக்கொண்டிருப்பாங்களோ, அப்பிடி இருந்தும் ஐநாவில கம்போடியாவின்ர கதிரையைக் கெமர் ரூஜ் பக்கத்துக்குத்தான் குடுத்து வைச்சிருந்தவை. எனக்கு இண்டைக்கும் ஆத்திரம் வாற விசயம் இது.

சிவா அண்ணை:
தங்கச்சி, சர்வாதிகாரியைக் கலைக்க வந்த கதை இல்லை, எண்டாலும் சொல்லுறன். 87 ஜூலையில இந்திய அமைதிப்படை எண்டு இஞ்ச வந்தவைக்கு நாங்கள் மாலை போட்டனாங்கள், எனக்கு அப்ப பதினொரு வயசு, ஒக்டோபர்ல அதே ஆமியின்ர செல்லுக்குப் பயந்து அம்மா எங்களை இழுத்துக்கொண்டு நல்லூர்க் கோயிலுக்கு ஓடினவா. சனம் கும்பலா நிண்டது, தண்ணிக்கே பெரிய கஷ்டம். அவை திரும்பிப் போக 90 மார்ச் ஆச்சு. அதால உள்ள வந்த திகதியை மட்டும் சொல்லாதேங்கோ, எப்ப வெளிக்கிட்டவை எண்டதையும் சொல்லுங்கோ. வியட்நாம் ஆமி கம்போடியாவில 1989 வரைக்கும் நிண்டது.

கேட்ட பிள்ளை:
நன்றி அண்ணை, ரீச்சர். அப்ப வெளிக்கிட்ட திகதியிலதான் தொடங்கப்போறன். 2003 மேயில அமெரிக்கா ஈராக் ஆமியையே கலைச்சு விட்டதை எதிர்ப்பக்கம் கொண்டுவந்தா எப்பிடி மறிக்கிறது?