அல்கானின் இசையில் விரல் வேகத்தைத் தாண்டி என்ன இருக்கிறது?

மாலினி_ச:
யூட்யூபில் ஷோப்பானின் பியானோ இசை கேட்டுக்கொண்டிருந்தேன், அடுத்ததாகத் தானாகவே ஓடியது 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்ல்-வாலந்தான் அல்கானின் 'ஈசாப்பின் விருந்து'. குட்டி மெட்டு ஒன்றை எடுத்து 25 விதமாக மாற்றி வாசிக்கிற படைப்பு. அசந்துபோனேன். ஆனால் மனதில் எதுவும் தங்கவில்லை. கீழே கருத்து எழுதியவர்களும் எவ்வளவு கஷ்டம், எவ்வளவு வேகம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாரிஸில் ஷோப்பானுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், நெருங்கிய நண்பர் என்று படித்தேன். அப்படிப்பட்டவரிடம் வித்தையைத் தவிர வேறு ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, கேட்க மட்டும்தான் தெரியும். எங்கே தொடங்கலாம்?

வடகரை:
இருக்கிறது, நிறையவே. நீங்கள் நுழைந்த வாசல்தான் கடினமானது. சின்னப் படைப்புகளிலிருந்து வாருங்கள்.

முதலில் ஓபஸ் 31 (ஓபஸ் என்றால் படைப்பு எண்) பிரெலூட்களில், அதாவது குட்டிப் பியானோ துண்டுகளில், எட்டாவது, 'கடற்கரையில் பித்துப் பிடித்தவளின் பாட்டு'. இடது கை பியானோவின் அடி மூலையில் கனமான கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) ஒரே நிதானத்தில் போட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் கடல். வலது கை எங்கோ உச்சத்தில் தனியாக ஒரு மெலிந்த பாட்டைப் பாடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது, அந்த வெற்றிடத்தைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் அவளுக்குப் படபடப்பு கூடும், பிறகு தளர்ந்துவிடுவாள். இதில் விரல் வித்தைக்கு இடமே இல்லை. 1847இல் ஒரு மனுஷன் இப்படி யோசித்திருக்கிறார்!

அப்புறம் ஓபஸ் 65இல் கடைசியாக வரும் பார்க்கரோல். படகுப் பாட்டு, மெதுவாக ஆடிக்கொண்டு போகும். முதல் தடவையே பிடித்துவிடும்.

கோபி_88:
வடகரை சொன்ன இரண்டும் அருமை, ஆனால் அல்கானிடம் எல்லாமே அந்தத் தரம் என்று நினைத்து உட்கார வேண்டாம். கான்சர்ட்டோ என்றால் வழக்கமாக ஒரு வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது; அவர் தனிப் பியானோவுக்கு எழுதிய கான்சர்ட்டோவின் முதல் பகுதி மட்டுமே கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதையும் பியானோவே வாசிக்கிறது, யோசனை பிரமாதம், ஆனால் நடுவில் எனக்குச் சலிப்பு வருகிறது. அவர் ஒதுக்கப்பட்டதற்கு நீளமும் ஒரு காரணம் என்பேன்.

தேன்மொழி_பியானோ:
கோபி, நீளம் ஒரு காரணம்தான், ஆனால் அதை முன்னால் வைக்க மாட்டேன். 1848இல் பாரிஸ் கன்செர்வத்வார் இசைக் கல்லூரியில் பியானோ துறைத் தலைமைப் பதவி காலியானபோது, எல்லாத் தகுதியும் இருந்த அல்கானை விட்டுவிட்டு, அவரிடமே படித்த மார்மொந்தேலுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஷோப்பானும் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சில கச்சேரிகளோடு பொதுமேடையிலிருந்து ஒதுங்கியவர், 1873 வரை திரும்பவே இல்லை. வாசிக்கவும் பரப்பவும் இசையமைத்தவரே முன்னால் நிற்க வேண்டிய காலம் அது. ஓபஸ் 39 எத்யூட்கள் (பயிற்சிப் படைப்புகள்) 12ம் 1857இல் வெளிவந்தன, ஈசாப்பின் விருந்து, கோபிக்குச் சலிக்கிற கான்சர்ட்டோ, தனிப் பியானோ சிம்ஃபனி மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. எழுதியவரே மேடையில் இல்லாதபோது அதை யார் எடுத்து வாசிப்பார்கள்? 1960களில் பியானோ கலைஞர்கள் ரேமண்ட் லூவென்தால், ரொனால்ட் ஸ்மித் இருவரும் கையில் எடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

மாலினி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷோப்பானைக் கேட்கிற காதோடு அல்கானைக் கேட்டால் ஏமாற்றம்தான். ஷோப்பானில் மெட்டு கொஞ்சம் தயங்கும், நீளும், அந்த நெகிழ்வில்தான் மனம் சிக்கும். அல்கான் காலப்பிரமாணத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். சிம்ஃபனியின் இரண்டாவது பகுதியான சாவு ஊர்வல நடையைக் கேளுங்கள். அழுகை மேலே இருக்கிறது, கீழே கால்கள் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கின்றன, அந்த நடை அழுகைக்காகக் காத்திருக்காது. துக்கம் அங்கேதான் கனக்கிறது. வாசிப்பவர் உருகி இழுத்தால் இசையே கெட்டுப்போகும். பியானோ கலைஞர் ஹாமெலின் வாசித்ததைக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

மாலினி_ச:
நன்றி எல்லோருக்கும். எட்டாவது பிரெலூட் கேட்டேன், கடைசியில் அவள் தளர்கிற இடத்தில் உடம்பு சிலிர்த்தது. சாவு நடையையும் இரண்டு முறை கேட்டுவிட்டேன், தேன்மொழி சொன்ன கால்கள் எனக்குக் கேட்கின்றன. நீளமான ஒன்றுக்கு இப்போது தயார், ஆனால் கான்சர்ட்டோ வேண்டாம்!

தேன்மொழி_பியானோ:
அப்படியானால் ஓபஸ் 33, 'நான்கு வயதுகள்' சொனாட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. ஒரு மனிதனின் 20, 30, 40, 50 வயதுகள், நான்கு பகுதிகள். வழக்கமாகச் சொனாட்டா விறுவிறுப்பாக முடியும், இதில் வயது ஏற ஏற வேகம் குறைந்துகொண்டே போகிறது. 30இல் சாத்தானிடம் ஆன்மாவை விற்ற கதை நாயகன் ஃபவுஸ்ட், பேய்த்தனமான பகுதி, கோபிக்குக்கூடப் பிடிக்கும். 40இல் குடும்பம், குழந்தைகள். அதன் முடிவுக்குப் பக்கத்தில் கடிகாரம் பத்து அடிக்கும், குழந்தைகளின் இரவுப் பிரார்த்தனை தொடங்கும், தவறவிடாதீர்கள். 50இல் கிரேக்கப் புராணத்தில் பாறையில் கட்டுண்ட பிரமீதியஸ், அது ரொம்ப இருட்டு.

கோபி_88:
30 எனக்கு ஏற்கெனவே பிடிக்கும் தேன்மொழி. அதில் அந்தப் பெரிய ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்) வரும் இடம் அல்கான் எழுதியதிலேயே உச்சம். மாலினி, ஸ்கோர் (எழுதிய இசைக்குறிப்பு) ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடுக்குவது கண்ணுக்கே தெரியும்.