புதுப்பிப்பு: டேப்லெட்டைக் கணினி கண்டுகொண்டது

சென்ற வாரப் புலம்பலின் தொடர்ச்சி இது. அம்மாவின் ஆண்டிராய்டு டேப்லெட்டோடு கூடவே வந்த வேண்டாத செயலிகளைக் கணினி வழியாக நீக்க முயன்றேன். யூஎஸ்பியில் இணைத்தால் சார்ஜ் ஏறியது; கணினியோ அப்படியொன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டேப்லெட்டோடு கணினி பேச உதவும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை நிறுவியும் பலனில்லை.

குற்றவாளி கேபிள்தான். பழைய பவர் பேங்க்குடன் வந்தது. கோபத்தில் வெட்டியே பார்த்துவிட்டேன்: உள்ளே சிவப்பு, கறுப்பு என இரண்டே கம்பிகள். தரவைக் கடத்த வேண்டிய பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை. எத்தனை டிரைவர் போட்டு என்ன பயன்?

வேறு கேபிளை மாட்டியதும், கணினியிலிருந்து ஆண்டிராய்டுக்குக் கட்டளையிட உதவும் ஏடிபி கருவியின் 'ஏடிபி டிவைசஸ்' கட்டளைக்கு டேப்லெட்டின் வரிசை எண் வந்தது, பக்கத்தில் 'அன்ஆதரைஸ்டு' (அனுமதி இல்லை). டேப்லெட் திரையில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி காத்திருந்தது. ஒப்புதல் தந்ததும் 'டிவைஸ்' என மாறியது, அதாவது இணைப்பு தயார். (டேப்லெட்டின் அமைப்புகளில் பில்ட் எண்ணை 7 முறை தட்டி, கணினியின் கட்டளைகளை ஏற்கவைக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கும் சடங்கை முன்பே முடித்திருந்தேன்.)

11 செயலிகளை நீக்கினேன். செயலியை நீக்கும் 'பிஎம் அன்இன்ஸ்டால்' கட்டளையில் 'யூசர் 0' (டேப்லெட்டின் முதல் பயனர்) என்று சேர்த்தால் செயலி அந்தப் பயனருக்கு மட்டுமே நீங்குகிறது. மூலக் கோப்பு சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கிறது. எனவே சேமிப்பிடம் பெரிதாகக் கூடவில்லை. அறிவிப்புத் தொல்லை மட்டும் ஒழிந்தது.

வேகத்தில் விசைப்பலகைச் செயலியையும் நீக்கிவிட்டேன். தேடல் பெட்டியைத் தொட்டால் திரை சும்மா இருந்தது. மூலக் கோப்பு உள்ளேயே இருந்ததால் 'இன்ஸ்டால் எக்ஸிஸ்டிங்' கட்டளை அதை மீட்டுத் தந்தது. அம்மாவுக்கு இது தெரியாது.