மறு: 'மூலிகைத் தேநீர்' வேண்டாம், 'ஊறல்நீர்' வைப்போம்

குழுவினருக்கு வணக்கம். நம் கையேட்டில் மூலிகையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பதை 'மூலிகைத் தேநீர்' என்றே எழுதலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> சுக்குக் காப்பியில் காப்பித்தூளா இருக்கிறது? மூலிகைத் தேநீரும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஐயா, உங்கள் கோயம்புத்தூர்க் கடைக்கு அது சரி. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், எங்களுக்குப் பேச்சு தமிழ், பஞ்சாயத்து கேரளம். இங்கே டீக்கடையில் சுக்குக் காப்பி கேட்டால் சுக்கு, கருப்பட்டியோடு பெரும்பாலும் காப்பித்தூளும் விழும். மலையாளத்து வழக்கம் அது. நெஞ்செரிச்சலுக்காகக் காப்பியை விட்டவர் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி வந்து, பழகின பெயரை நம்பி ஒரு கிளாஸ் குடித்தால் ராத்திரி புளியேப்பம்தான்.

நம் கையேடு அமில எதுக்களிப்பு, அதாவது வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வரும் தொல்லை, உள்ளவர்களுக்கு. ('எதுக்களிப்பு' முடிவான சொல். 'பின்னோட்டம்' என்று மறுபடி கிளப்பாதீர்கள், புண்ணியமாகப் போகும்.) அவர்களில் பலருக்குத் தேயிலையே ஒத்துக்கொள்ளாது. கடையிலோ, தேயிலையில் துளசி கலந்ததும் 'மூலிகைத் தேநீர்', தேயிலைத் துணுக்கே இல்லாததும் 'மூலிகைத் தேநீர்'. வாங்குகிறவர் எதைப் பார்த்துப் பிரிப்பார்?

நான் முன்வைப்பது இது. இலை, பூ மேல் கொதித்த நீரை ஊற்றி, மூடிவைத்து, வடித்தால் ஊறல்நீர். அடுப்பிலேற்றி வற்றக் காய்ச்சினால் கஷாயம். பின்னதைச் சித்த மருத்துவம் 'குடிநீர்' என்கிறது. நிலவேம்புக் குடிநீர் தெரியாதவர் இல்லை. ஆனால் கையேட்டில் 'காலையில் குடிநீர் அருந்துக' என்று மொட்டையாகப் போட்டால் குழாய்த் தண்ணீர் என்றுதான் படிப்பார்கள்.

ஊறவைப்பதா காய்ச்சுவதா என்பது அதிமதுரத்தில் பெரிய வித்தியாசம். கஷாயமாக எட்டில் ஒன்றாகக் குறுக்கினால் அதிலுள்ள கிளிசிரைசின் என்ற இனிப்புப் பொருள் ஒரு வாய்க்கு எவ்வளவோ கூடுதலாக உள்ளே போகும். அளவு மிஞ்சி நாள்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிபி மாத்திரை போடுகிறவரிடம் 'அதிமதுரத் தேநீர் நல்லது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

சீமைச்சாமந்தியை (கெமோமில்) வெறும் 'சாமந்தி' என்று எழுதியிருப்பதையும் மாற்றுங்கள். பூக்கடைச் சாமந்தியை வாங்கி வெந்நீரில் போட ஆள் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சீமைச்சாமந்தி குடிக்கக் கூடாது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

> ஊறல் என்றாலே சாராய ஊறல்தானே ஞாபகம் வருகிறது?

வரும். போலீசார் ஊறலை அழித்த செய்தியைப் படிக்காதவர் யார்? அதனால்தான் 'நீர்' சேர்த்தே எழுதச் சொல்கிறேன். சேலம் அக்கா சொன்ன 'வடிநீர்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கஷாயத்தையும் வடித்துத்தானே குடிக்கிறோம்.

எங்கள் பக்கத்து ஜீரகவெள்ளம் இந்த இரண்டிலும் அடங்காது. சீரகத்தைப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள், வற்றவிட மாட்டார்கள்; சாப்பாட்டோடு தண்ணீருக்குப் பதில் வைப்பது. 'சீரகத் தண்ணீர்' என்றே விட்டுவிடுவோம், எல்லாவற்றுக்கும் கலைச்சொல் எதற்கு?

பெயர் முடிவாக இன்னும் நாள் ஆகலாம். புதினாவை மட்டும் இன்றைக்கே கையேட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உணவுக்குழாயின் அடிச் சுருக்குத்தசையைத் தளர்த்திவிடும். அந்த வழியாகத்தான் அமிலமே மேலேறி வருகிறது. உப்புசம் பற்றிய பக்கத்தில் வேண்டுமானால் இருக்கட்டும்.