கனடா சினிமாவுக்குத் தனி முகம் உண்டா?

செல்வி:
டொரன்டோவும் வான்கூவரும் ஹாலிவுட் படங்களில் அமெரிக்க நகரங்களாக வேடமிட்டே வருகின்றன. கனடாவுக்கென்று சொந்தமாக ஒரு சினிமா உண்டா? எந்தப் படத்தில் தொடங்கலாம்?

இளங்கோ:
நிச்சயமாக உண்டு, செல்வி. ஆனால் அதை ஆவணப்படங்களில் தேட வேண்டும். பெரிய திரையரங்குகள் ஹாலிவுட்டின் பிடியில் இருந்ததால், உள்ளூர்க் கதைப்படங்களுக்கு நெடுங்காலம் இடமே கிடைக்கவில்லை. 1939இல் அரசு தொடங்கிய தேசியத் திரைப்பட வாரியம்தான் கலைஞர்களுக்கு நிழல் தந்தது. 1956இல் அது ஒட்டாவாவிலிருந்து மாண்ட்ரியலுக்கு இடம்பெயர்ந்ததும் கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு பேசும் இளைஞர்கள் உள்ளே வந்தார்கள்.

அவர்களில் மிஷேல் ப்ரோ என் மனதுக்கு மிக நெருக்கமானவர். ஒளிப்பதிவுக் கருவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மக்கள் கூட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். பியர் பெரோவுடன் சேர்ந்து அவர் இயக்கிய 'பூர் லா சுயித் து மோந்த்' (1963) படத்தில் தொடங்குங்கள். களம், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள இல்-ஓ-கூத்ர் தீவு. ஆற்றுப்படுகையில் நீளமான கழிகளை வரிசையாக நட்டு, பெலுகா என்னும் வெள்ளைத் திமிங்கிலங்களை மடக்கிப் பிடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1924க்குப் பின் அது நின்றுபோயிற்று. படத்துக்காகத் தீவுக்காரர்கள் அதை மீண்டும் செய்கிறார்கள். இந்த முறையை முதலில் கண்டது பழங்குடிகளா, பிரெஞ்சுக் குடியேறிகளா என்று முதியவர்கள் வாதாடும் இடத்தை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். எந்த வசனகர்த்தாவாலும் அப்படி எழுத முடியாது!

ரஹீம்:
இயக்குநர்களே தூண்டி நடத்திய வேட்டை என்றால், அதை ஆவணப்படம் என்று எப்படிச் சொல்வது?

இளங்கோ:
நியாயமான கேள்வி. தூண்டியது உண்மைதான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் கழி நடுவதில் எழும் சச்சரவும், கிழவர்களின் நினைவுகளும், திமிங்கிலம் சிக்கியதும் வரும் ஆரவாரமும் அவர்களுடையவை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

மாலதி:
கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். 1990இல் கியூபெக்கின் ஓகா ஊரில் நில உரிமைக்காக மூண்ட ஓகா நெருக்கடியின்போது, மோஹாக் பழங்குடி மக்களோடு தடுப்பரண்களுக்குள் தங்கிப் படம்பிடித்த அலானிஸ் ஒபோம்சாவினை எப்படி விட முடியும்? சக்கரியாஸ் குனுக் வடதுருவப் பகுதி இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் எடுத்த 'அடனர்ஜுவாட்', 2001இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் முதற்பட இயக்குநருக்கான விருதையே பெற்றதே.

இளங்கோ:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன், மாலதி. செல்வி, மூன்றையும் மூல ஒலியிலேயே, துணைத்தலைப்புகளோடு பாருங்கள். அந்தத் தீவுக் கிழவர்களுக்கு வேறொருவர் குரல் கொடுத்தால் பாதிப் படம் போய்விடும்.